தாத்தா, எனக்கு ஏன் இந்தப் பெயரை வைத்தீர்கள்?

குழு: நம் வீடு
பிப்ரவரி 13, மாலை 6.40

வாலண்டினா: தாத்தா, ஒரு கேள்வி. கோபித்துக்கொள்ளக் கூடாது.

தாத்தா: கேள் கண்ணு.

வாலண்டினா: எனக்கு ஏன் இந்தப் பெயரை வைத்தீர்கள்?

வாலண்டினா: நாளை பிப்ரவரி 14. இன்று வகுப்புக்குள் நுழைந்தபோது என் மேசை முழுவதும் சிவப்புக் காகித இதயங்கள். பதினேழு. எண்ணினேன். எல்லாவற்றிலும் "காதலர் தினா" என்று எழுதியிருந்தது. எட்டாம் வகுப்பிலும் இதையே செய்தார்கள். ஒன்பதிலும் செய்தார்கள்.

அம்மா: வந்ததிலிருந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், மாமா. நான் கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

வாலண்டினா: பொதுத்தேர்வுச் சான்றிதழ் அச்சாவதற்குள் பெயரை மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். விண்ணப்பப் படிவம் வாங்கி வந்துவிட்டேன். அப்பா கையெழுத்துப் போட்டால் போதும்.

அண்ணன்: இதை என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

வாலண்டினா: சொன்னால் நீ வகுப்புக்கு வந்து சண்டை போடுவாய். அது இன்னும் மோசம்.

சித்தப்பா: முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள், தினா. உன் பெயருக்கும் காதலுக்கும் வேரில் எந்த உறவும் இல்லை. லத்தீனில் 'வாலன்ஸ்' என்றால் வலிமையானவர், உடல்நலம் உள்ளவர். வாலண்டைன், வாலண்டின், வாலண்டினோ, வாலண்டினா எல்லாம் அந்த ஒரே வேரில் முளைத்தவை.

வாலண்டினா: அப்படியானால் காதலர் தினத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

சித்தப்பா: மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் ஒரு பாதிரியார், இத்தாலியின் தெர்னி நகரில் ஓர் ஆயர். இருவர் பெயரும் வாலண்டைன். இருவரும் கிறிஸ்தவ மதத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள், இருவருக்கும் நினைவு நாள் பிப்ரவரி 14. இருவரும் ஒருவரேதானா என்றுகூட அறிஞர்களால் அறுதியிட முடியவில்லை. அவர்களைப் பற்றி உறுதியாகத் தெரிவது அவ்வளவு குறைவு என்பதால், 1969இல் கத்தோலிக்கத் திருச்சபையே தன் பொது நாட்காட்டியிலிருந்து அந்த விழாவை எடுத்துவிட்டது.

வாலண்டினா: ரகசியமாகத் திருமணம் செய்து வைத்தார் என்று சொல்கிறார்களே?

சித்தப்பா: அது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கதை. பதினான்காம் நூற்றாண்டில் ஜெஃப்ரி சாசர் என்ற ஆங்கிலக் கவிஞர், பறவைகள் இந்த நாளில் கூடித் துணை தேர்ந்தெடுப்பதாக ஒரு கவிதை எழுதினார். இந்த நாளைக் காதலோடு சேர்த்துப் பேசும் மிகப் பழைய எழுத்துகளில் அதுவும் ஒன்று. அதற்கு முன் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பெயர் வலிமையை மட்டுமே சுமந்தது.

தாத்தா: நான் சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை. மெதுவாகத்தான் தட்டச்சு செய்ய வருகிறது. எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள்.

தாத்தா: 1963 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பதினோரு வயது. எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. அடுத்த வீட்டுத் திண்ணையில் நின்று கேட்டோம். சோவியத் நாட்டிலிருந்து ஒரு பெண் விண்வெளிக்குப் போய்விட்டாள் என்று செய்தி. வயது 26. பெயர் வாலண்டினா தெரஷ்கோவா. என் அம்மா கையில் முறத்தோடு வந்தவள், அதைக் கீழே வைக்காமலே செய்தி முடியும்வரை நின்றாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "தனியாகவா போயிருக்கிறாள்?"

தாத்தா: தனியாகத்தான். வோஸ்தோக் 6 கலத்தில் வேறு எவரும் இல்லை. பூமியை 48 முறை சுற்றினாள். ஏறத்தாழ 71 மணி நேரம். அதுவரை விண்வெளிக்குப் போன அமெரிக்கர்கள் எல்லோருடைய நேரத்தையும் கூட்டினாலும் அவ்வளவு வராது. இன்றுவரை விண்வெளியில் தன்னந்தனியாகப் பயணம் செய்த ஒரே பெண் அவள்தான்.

அத்தை: அப்பா, அவர் நெசவாலையில் வேலை பார்த்ததையும் சொல்லுங்கள்.

தாத்தா: சொல்கிறேன். அப்பா டிராக்டர் ஓட்டியவர், போரில் இறந்துபோனார். அப்போது இவளுக்கு இரண்டு வயது. அம்மா நெசவாலைத் தொழிலாளி. மகளும் அதே வேலைக்குப் போனாள். அஞ்சல் வழியில் படித்தாள். ஓய்வு நேரத்தில் பாராசூட் கட்டிக்கொண்டு குதிக்கப் பழகினாள். வோஸ்தோக் கலத்தில் போனவர் திரும்பும்போது ஏழு கிலோமீட்டர் உயரத்தில் வெளியே வீசப்பட்டு, தனியே பாராசூட்டில் இறங்க வேண்டும். அந்தப் பழக்கம்தான் அவளைத் தேர்வு செய்ய வைத்தது. பெற்ற தாயிடம் பாராசூட் பயிற்சிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டாள். அந்தத் தாய்க்கும் உலகத்தோடு சேர்த்துத்தான் செய்தி தெரிந்தது.

அம்மா: இது எனக்கே தெரியாது, மாமா. என் மகள் அப்படிப் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்!

அண்ணன்: கலத்தின் கட்டுப்பாட்டில் ஒரு பிழை இருந்தது, தெரியுமா? கீழே இறங்க வேண்டிய கலம் இன்னும் மேலே போகும்படி திசை அமைந்திருந்தது. அதைக் கண்டுபிடித்துத் தரைக்குச் சொன்னவரே அவர்தான். புதிய கணக்கை அனுப்பிச் சரிசெய்தார்கள். வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பல ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை.

வாலண்டினா: அவரைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரி படித்திருக்கிறேன். முதல் பெண் விண்வெளி வீரர், ஒரு மதிப்பெண் கேள்வி. இவ்வளவு இருக்கிறது என்று தெரியாது.

வாலண்டினா: ஆனால் தாத்தா, ஒருவருக்காக எல்லோரும் சிரிப்பை நிறுத்த மாட்டார்கள்.

தாத்தா: ஒருவர் இல்லை, கண்ணு. அவள் ஏறிய ராக்கெட்டின் முதல் இரண்டு கட்டங்களிலும் இருந்த எஞ்சின்களை வடிவமைத்தவர் பெயர் என்ன, சொல் பார்க்கலாம்.

வாலண்டினா: தெரியாது.

தாத்தா: வாலண்டின் குளுஷ்கோ.

வாலண்டினா: உண்மையாகவா??

சித்தப்பா: உண்மை. ஏறத்தாழ உன் வயதில், 1923இல், ராக்கெட் அறிவியலின் முன்னோடி சியால்கோவ்ஸ்கிக்குக் கடிதம் எழுதிய பையன் அவர். பதிலும் வந்தது. 1938இல் பொய்க் குற்றச்சாட்டில் கைதானார். சிறையாளராகவே எஞ்சின் வடிவமைத்தார். 1944இல்தான் விடுதலை.

வாலண்டினா: வாலண்டின் செய்த எஞ்சினில் வாலண்டினா போயிருக்கிறார்!

தாத்தா: இன்னொரு வாலண்டினும் உண்டு. அவனைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். வாலண்டின் பொந்தரென்கோ. தெரஷ்கோவா பிறந்தது 1937 மார்ச் 6. இவன் அதே ஆண்டு பிப்ரவரி 16. பதினெட்டு நாள்தான் மூத்தவன். விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரினோடு தேர்வான முதல் சோவியத் விண்வெளி வீரர் குழுவில் மிகவும் இளையவன்.

தாத்தா: 1961 மார்ச் 23. தனிமையைத் தாங்கும் பயிற்சிக்காக மூடிய அறைக்குள் பத்தாவது நாள். அறையில் ஆக்ஸிஜன் அதிகம். உடம்பில் ஒட்டியிருந்த உணர்கருவிகளைக் கழற்றிவிட்டு, அந்த இடங்களைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தான். பஞ்சைப் பார்க்காமல் வீசினான். அது மின் அடுப்பின் மேல் விழுந்தது. அவ்வளவுதான். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் வேறு என்பதால் கதவை உடனே திறக்க முடியவில்லை. தீக்காயங்களால் இறந்துபோனான். வயது 24. சின்ன மகன் ஒருவன் இருந்தான். மூன்று வாரத்துக்குள் ககாரின் விண்வெளிக்குப் போனார், உலகமே கொண்டாடியது. இவன் பெயர் 1986 வரை வெளியே வரவில்லை.

அம்மா: ஐயோ.

அத்தை: அந்தப் பிள்ளையை நினைத்தால் மனம் ஆறவில்லை, அப்பா.

அண்ணன்: இப்போதுதான் தேடிப் பார்த்தேன். நிலவில் பொந்தரென்கோ பள்ளம் இருக்கிறது. தெரஷ்கோவா பள்ளமும் இருக்கிறது. குளுஷ்கோ பள்ளமும் இருக்கிறது.

வாலண்டினா: மூன்று பேருமா?

அண்ணன்: மூன்று பேருமே.

இரவு 8.15

சித்தப்பா: மோட்டார் பந்தயத்தை விட்டுவிடாதீர்கள். வாலண்டினோ ரோஸி, இத்தாலி, பிறப்பு 1979 பிப்ரவரி 16. ஒன்பது உலகப் பட்டங்கள். அவர் வண்டியில் எப்போதும் 46 என்ற எண். அது அவருடைய அப்பா பந்தயம் ஓட்டியபோது வைத்திருந்த எண். உலகச் சாம்பியனுக்கு எண் 1 போட்டுக்கொள்ள உரிமை இருந்தும் இவர் 46ஐ விடவில்லை.

அண்ணன்: எல்லோரும் நல்லவர்கள் என்று மட்டும் எண்ணிக்கொள்ளாதே. சியரா லியோனில் 1992இல் இராணுவப் புரட்சி செய்து 25 வயதில் நாட்டுத் தலைவரானவர் பெயரும் வாலண்டைன் ஸ்ட்ராஸர். 1996இல் அவருடைய துணைத் தலைவரே அவரைக் கவிழ்த்தார்.

தாத்தா: அதுவும் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

அத்தை: நான் சொல்லப்போகிறவர் இல்லாவிட்டால் எனக்கு இந்த வேலையே இல்லை. அதனால் நீளமாகச் சொல்வேன், யாரும் குறுக்கிடாதீர்கள்.

அத்தை: வாலண்டின் அவூயி. பிரான்ஸ், பிறப்பு 1745. 1771இல் பாரிஸ் சந்தையில் ஒரு காட்சியைப் பார்த்தார். பார்வையற்றவர்களுக்குக் கோமாளித் தொப்பியும் காகிதக் கண்ணாடியும் மாட்டி, முன்னால் இசைத்தாளை வைத்து, கையில் கருவியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இவருக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. இவர்கள் படிக்க வேண்டும் என்று அன்று மனத்தில் விழுந்தது.

அத்தை: 1784இல் தேவாலய வாசலில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த லெசுவேர் என்ற இளைஞனை முதல் மாணவனாக்கினார். அவன் படிக்க வந்தால் அன்றைய பிச்சை போய்விடும், வீட்டில் பசி. அதனால் அந்தப் பணத்தையும் இவரே கொடுத்தார். தாளில் எழுத்துகளைப் புடைப்பாக அச்சிட்டு, விரலால் தடவிப் படிக்கவைத்தார். 1785இல் பள்ளியைத் தொடங்கினார். பார்வையற்ற குழந்தைகளுக்கான முதல் பள்ளி அதுதான். 1819இல் அங்கே பத்து வயதில் ஒரு பையன் சேர்ந்தான். லூயி பிரெயில்.

வாலண்டினா: பிரெயில் எழுத்தின் பிரெயிலா, அத்தை?

அத்தை: அவரேதான். அவூயியின் புடைப்பு எழுத்தில்தான் முதலில் படித்தார். அது பெரிது, மெதுவானது, கையால் எழுதவும் வராது. அந்தக் குறையிலிருந்து 15 வயதில் தன் புள்ளி முறையை உருவாக்கினார். இன்று காலைகூட என் வகுப்பில் ஒரு குழந்தை முதல்முறையாக ஒரு முழு வரியைத் தடவிப் படித்தது. முடித்துவிட்டு விரலை எடுக்காமல் மறுபடியும் அதே வரியைப் படித்தது. அவூயி பள்ளியைத் தொடங்காமல் இருந்திருந்தால் அந்த விரல் எங்கே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாலண்டினா: அந்தச் சந்தையில் சிரித்தவர்கள் பெயர் யாருக்காவது தெரியுமா, அத்தை?

அத்தை: ஒருவர் பெயரும் தெரியாது.

அத்தை: (படம்)

அத்தை: இப்போது குத்தி எடுத்தேன். உன் பெயரின் முதல் எழுத்து. இடப்பக்கம் வரிசையாக மூன்று புள்ளிகள், வலப்பக்கம் கீழே ஒன்று. தாளை நாளை நேரில் தருகிறேன். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்க வேண்டும்.

வாலண்டினா: சரி, அத்தை.

இரவு 9.05

அம்மா: அறைக்கதவு திறந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

வாலண்டினா: அம்மா, இதையெல்லாம் குழுவில் போடாதீர்கள்.

அம்மா: படிவத்தை அப்பாவிடம் கொடுக்கட்டுமா?

வாலண்டினா: இப்போது வேண்டாம். மேசை இழுப்பறையில் இருக்கட்டும்.

வாலண்டினா: தாத்தா, நாளை முதல் வகுப்பில் ஐந்து நிமிடம் பேச ஆசிரியையிடம் அனுமதி கேட்கப்போகிறேன். பொந்தரென்கோவைப் பற்றி. பிறகு அவர் தங்கை மாதிரி பதினெட்டு நாள் கழித்துப் பிறந்தவரைப் பற்றி. சிவப்பு இதயங்களைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

தாத்தா: தெரஷ்கோவாவுக்கு வானொலித் தொடர்பில் ஓர் அழைப்புப் பெயர் இருந்தது. சாய்க்கா. கடற்பறவை என்று பொருள். அதையும் சொல்.

வாலண்டினா: சாய்க்கா. எழுதிக்கொண்டேன். உங்களிடம் அந்த நாளின் செய்தித்தாள் இருப்பதாக அப்பா ஒருமுறை சொன்னாரே?

தாத்தா: இருக்கிறது. தலைக்கவசத்துக்குள் அவள் முகம் இருக்கும் படம். பக்கத்து வீட்டுக்காரர் படித்து முடித்ததும் என் அம்மா கேட்டு வாங்கி மடித்து வைத்தாள். மடிப்பில் கிழிந்திருக்கிறது, ஓரம் தொட்டால் உதிர்கிறது.

வாலண்டினா: வகுப்பில் காட்டலாமா?

தாத்தா: நகல் எடுத்துத் தருகிறேன்.

தாத்தா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தாத்தா: அசலையே எடுத்துப் போ, கண்ணு. இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டித் தருகிறேன். காலையில் ஏழு மணிக்கு வந்துவிடு.