‘மஞ்சக்குப்பம் வீடு’ குழுவில் ஞாயிறு இரவு

குமார் (இரவு 8:04): *பலமுறை பகிரப்பட்டது*
கீமோவுக்கு முடிவு!! தண்ணீரில் போட்டால் தானாகவே உருவாகும் நானோ பை. மருந்தைச் சுமந்துகொண்டு நேராகப் புற்றுச் செல்லைத் தேடிப் போகும். பக்க விளைவு துளியும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிகள் இதை மறைக்கின்றன. பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

குமார்: அக்கா, இதைப் படி. வியாழக்கிழமை பாண்டி போகும்போது டாக்டரிடம் கேட்டுவிடு. நமக்கு ஏன் இதைக் கொடுக்கவில்லை?

சுந்தரம்: மச்சான், பத்துப் பேருக்கு அனுப்பினால்தான் பை உருவாகுமா?

குமார்: மாமா, உங்களுக்கு எதுவும் கிண்டல்தான்.

செல்வி: எனக்கு ஒன்றும் புரியவில்லைப்பா. தேனு, நீ காலாப்பட்டில் இதைத்தானே செய்கிறாய்? பொங்கலுக்கு வந்தபோது பாலிமர், பை என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாயே.

தேன்மொழி: ஆமாம் அத்தை. இப்போதுதான் லேபிலிருந்து ஹாஸ்டலுக்கு வந்தேன். சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவரை சித்தப்பா இதை வேறு எங்கும் போடாமல் இருந்தால் போதும்.

குமார்: வாக்கிங் குழுவில் போட்டாயிற்றும்மா.

வசந்தா: முதலில் சாப்பிடு தேனு. மெஸ்ஸில் என்ன?

தேன்மொழி: உப்புமாம்மா. கேட்காதீர்கள்.

தேன்மொழி (8:41): சரி. அந்தச் செய்தியில் ‘தானாகவே உருவாகும்’ என்பது மட்டும் நிஜம். பை தானாகத்தான் உருவாகிறது. நாங்கள் எடுக்கிற பாலிமர் ஒரு நீளமான மூலக்கூறுச் சங்கிலி; அதில் ஒரு பகுதிக்குத் தண்ணீர் பிடிக்கும், இன்னொரு பகுதிக்கு ஆகவே ஆகாது. தண்ணீரில் விட்டதும் ஆகாத பகுதிகள் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உள்பக்கம் ஒளிந்துகொள்ளும். பிடித்த பகுதிகள் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்து நிற்கும். இப்படி ஒரு மெல்லிய சுவர் கிடைக்கிறது. ஆனால் சுவரின் ஓரத்தில் ஆகாத பகுதி தண்ணீரில் பட்டுக்கொண்டே இருக்குமே. அதனால் அது வளைந்து, ஓரத்தோடு ஓரம் சேர்ந்து, உருண்டையாக மூடிக்கொள்ளும். மூடும்போது உள்ளே கொஞ்சம் தண்ணீர் மாட்டும். மருந்து அந்தத் தண்ணீரில் இருக்கும்.

சுந்தரம்: பூரணக் கொழுக்கட்டை.

தேன்மொழி: கிட்டத்தட்ட அதுதான் மாமா, பிடித்து வைக்கத்தான் ஆள் கிடையாது. இதில் மேல்மாவிலும் மருந்து வைக்கலாம். தண்ணீரில் கரைகிற மருந்து பூரணத்தில் இருக்கும். பாக்லிடாக்ஸல் மாதிரி கரையாத மருந்து சுவருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

செல்வி: பாக்லிடாக்ஸல் எனக்கு முதல் தடவை ஏற்றினார்களே, அதுவா?

தேன்மொழி: அதேதான் அத்தை.

அகிலன்: அக்கா, பை என்ன சைஸ் இருக்கும்?

தேன்மொழி: 100 நானோமீட்டர் பக்கம் டேய். ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரம் பையை வரிசையாக நிறுத்தலாம். ரத்தச் சிவப்பணு இதைவிட 70, 80 மடங்கு அகலம்.

அகிலன்: எந்த பாலிமரைப் போட்டாலும் இப்படி மூடிக்கொள்ளுமா?

தேன்மொழி: நல்ல கேள்வி. மூடாது. தண்ணீர் பிடித்த பகுதி மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால்தான் பை. பாதிக்கு நெருங்கிவிட்டால் நடுவில் இடமே இல்லாத குட்டி உருண்டை. மைசெல் என்போம். ரொம்பக் குறைந்துபோனால் கட்டிதட்டி அடியில் படிந்துவிடும். இந்தக் கணக்கை மனதில் வை, திரும்ப வரும்.

குமார்: அப்போது செய்தி உண்மைதானேம்மா. ஏன் மறைக்கிறார்கள்?

தேன்மொழி: யாரும் மறைக்கவில்லை சித்தப்பா. கொழுப்பில் செய்த பை 1960-களிலேயே வந்துவிட்டது. இங்கிலாந்தில் அலெக் பாங்கம் என்பவர் பார்த்தது. லைப்போசோம் என்று பெயர். அதில் கீமோ மருந்தை அடைத்து 1995-ல் அமெரிக்காவில் அனுமதியே வாங்கிவிட்டார்கள், டாக்சில் என்ற பெயரில். பாலிமரில் செய்தால் சுவர் கெட்டியாக இருக்கும் என்று 1999-ல் பென்சில்வேனியா, மினசோட்டா பல்கலைக்கழகக்காரர்கள் சேர்ந்து காட்டினார்கள். பாலிமர்சோம் என்ற பெயர் அவர்கள் வைத்தது. நாங்கள் எல்லாம் அந்த வழியில் போகிறவர்கள்.
பிரபு, அத்தைக்கு இப்போது ஏற்றுகிற மருந்தின் பெயரைச் சீட்டில் பார்த்துச் சொல்லேன்.

பிரபு: பைலைத் தேடி எடுத்தேன். “பெகிலேட்டட் லைப்போசோமல் டாக்ஸோரூபிசின்.” சிவப்பாக இருக்கும். மெதுவாகத்தான் ஏற்றுகிறார்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

தேன்மொழி: நினைத்தேன். சித்தப்பா, ஆஸ்பத்திரி மறைக்கிறது என்று நீங்கள் அனுப்பியது அத்தை கையில் ஏறிக்கொண்டிருக்கிறது. பாலிமர் இல்லை, கொழுப்புப் பை. அவ்வளவுதான் வித்தியாசம்.

குமார்: அக்கா! சொல்லவே இல்லையே நீ!

செல்வி: எனக்கே இப்போதுதானே தெரிகிறது.

சுந்தரம்: பைக்குள் போட்டுக் கொடுப்பதால் என்ன லாபம் தேனு? மருந்து அதே மருந்துதானே.

தேன்மொழி: அதே மருந்துதான் மாமா. எங்கே போகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் மாறும். டாக்ஸோரூபிசினை வெறுமனே ஏற்றினால் சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி ரத்தத்தை விட்டு இறங்கி உடம்பெங்கும் போய்விடும். இதயத் தசைக்கு அது ஆகாது. பைக்குள் இருந்தால் நாள்கணக்கில் ரத்தத்திலேயே சுற்றும். இதயத்துக்குப் போகிற பங்கு குறையும்.
2021-ல் கறுப்புப் பூஞ்சைக்கு ஊசி தேடி ஊரே அலைந்ததே, நினைவிருக்கிறதா? அந்த ஆம்போடெரிசினும் லைப்போசோமில் அடைத்ததுதான். சாதா ஊசி கிட்னியைப் படுத்தும் என்பதால்தான் அதற்கு அவ்வளவு கிராக்கி.

குமார்: ஆமாம்மா, நண்பருடைய அண்ணனுக்காகக் கடலூரில் ஒரு கடை விடாமல் நானே கேட்டேன்.

செல்வி (9:10): தேனு, ஒன்று கேட்கிறேன். பத்து நாளாக உள்ளங்கை எரிகிறது. பாத்திரம் கழுவச் சுடுதண்ணீர் தொட்டால் அதிகமாகிறது. சப்பாத்திக் கட்டையை அழுத்திப் பிடித்த இடம் சிவந்துபோகிறது. காலில் செருப்பு வார் படுகிற இடத்தில் தோல் உரிகிறது. வெயில் என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேன்.

வசந்தா: ஏன் அண்ணி சொல்லவில்லை?

பிரபு: அம்மா, நேற்றுகூடக் கேட்டேனே, ஒன்றுமில்லை என்றாய்.

தேன்மொழி: அத்தை, இது வெயிலாக இருக்க வாய்ப்புக் குறைவு. இந்த மருந்துக்கு உள்ளங்கை, உள்ளங்கால் தொந்தரவு நன்றாகத் தெரிந்த ஒன்று. பை நாள்கணக்கில் சுற்றுகிறது என்றேனே, அப்படிச் சுற்றும்போது தோலுக்கும் போகிறது. அழுத்தம், சூடு படுகிற இடத்தில் அதிகம். இதயத்துக்குக் குறைந்தது, கைக்கு வந்தது. “பக்க விளைவு துளியும் இல்லை” என்று எழுதியவன் உங்கள் கையைப் பார்க்கவில்லை.
நான் கெமிஸ்ட்ரி படிக்கிறவள், டாக்டர் இல்லை. ஆனால் வியாழன் வரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலையே வார்டுக்கு போன் போட்டு இதை அப்படியே சொல்லுங்கள். அடுத்த டோஸைத் தள்ளிப்போடுவார்கள், இல்லை அளவைக் குறைப்பார்கள். அதை அவர்கள் முடிவு செய்யட்டும். அதுவரை சுடுதண்ணீர் வேண்டாம், இறுக்கமான செருப்பு வேண்டாம், சப்பாத்தி சுத்தமாக வேண்டாம்.

பிரபு: காலையில் நானே பேசுகிறேன். கையை போட்டோ எடுத்து வைக்கிறேன்.

அகிலன்: அக்கா, பை தேடிப் போகும் என்று போட்டிருக்கிறதே, அதற்குக் கட்டி இருக்கிற இடம் எப்படித் தெரியும்?

தேன்மொழி: தெரியாது. அதுதான் அந்தச் செய்தியிலேயே பெரிய புளுகு. கட்டியில் அவசரமாக வளர்ந்த ரத்தக்குழாய்களின் சுவரில் இடைவெளி இருக்கும். சுற்றி வரும் பைகளில் சில அந்த வழியாகக் கசிந்து அங்கே தங்கும். 1986-ல் ஜப்பானில் மாட்சுமுரா, மயேதா இருவரும் எழுதியது இது. ரொம்பக் காலம் எல்லாரும் இதையே நம்பி ஓடினார்கள். 2016-ல் ஒரு குழு, பத்து வருடத்து விலங்குப் பரிசோதனைகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டது. ஏற்றிய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பில் 0.7 சதவீதம்.

அகிலன்: ஆயிரத்துக்கு ஏழா??

தேன்மொழி: ஏழுதான். மிச்சத்தில் நிறைய ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும்.

சுந்தரம்: ஆலையில் இந்தக் கணக்குக்கு சர்க்கரை எடுத்திருந்தால் எங்களை எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

குமார்: அப்புறம் நீ எதற்கும்மா இதில் மெனக்கெடுகிறாய்?

தேன்மொழி: போய்ச் சேருகிற ஏழாவது சரியான நேரத்தில் திறக்க வேண்டாமா சித்தப்பா? பை கட்டுவது பெரிய வித்தை இல்லை, அது தானாகவே கட்டிக்கொள்கிறது. அவிழ்ப்பதுதான் பாடு. 1999-ல் செய்த பைக்குச் சுவர் 8 நானோமீட்டர். கொழுப்புச் சுவர் அதில் பாதிதான் வரும். இழுத்தாலும் சீக்கிரம் கிழியாது, தண்ணீர்கூட லேசில் கசியாது. ஆனால் அந்தச் சுவரின் உள்பகுதி உடம்பில் கரையாத சரக்கு. திறக்காத பைக்குள் மருந்து இருந்து என்ன பிரயோஜனம்?
அதனால் பாலிலாக்டிக் அமிலம் மாதிரி, தண்ணீரே மெதுவாக அறுத்துவிடக்கூடிய சங்கிலியைச் சேர்க்கிறோம். ஆபரேஷனில் கரைகிற தையல் நூல் போடுகிறார்களே, அதே குடும்பம். அறுபட அறுபட, தண்ணீர் ஆகாத பகுதி சின்னதாகிக்கொண்டே போகும். அகிலா, அப்போது அந்த மூன்றில் ஒரு பங்குக் கணக்கு என்னவாகும்?

அகிலன்: ஆகாதது குறைந்தால் பிடித்ததின் பங்கு ஏறும். பாதியைத் தொட்டுவிடும். அப்போது பை மைசெல் ஆகிவிடுமா!!

தேன்மொழி: ஆகிவிடும். முதலில் சுவரில் ஓட்டை விழும், அப்புறம் பை சிதறிக் குட்டி உருண்டைகளாகும், உள்ளே இருந்த மருந்து வெளியே வரும். சங்கிலியை மாற்றினால் அவிழும் நேரம் மாறும். அமிலம் பட்டால் அவிழ்கிற சங்கிலியும் உண்டு. பிஎச் என்பது அமிலத்தை அளக்கிற எண், அது இறங்கினால் அமிலம் கூடுகிறது என்று அர்த்தம். ரத்தத்தின் பிஎச் 7.4. செல் ஒரு பையை விழுங்கி உள்ளே கொண்டுபோனால் அங்கே 5 பக்கம் இறங்கிவிடும். அந்த வித்தியாசம்தான் சாவி.

வசந்தா: இதை எப்படிப் பார்ப்பீர்கள்? கண்ணுக்கே தெரியாது என்றாயே.

தேன்மொழி: பை தெரியாதும்மா, மருந்தின் சிவப்பு தெரியும். பைகள் இருக்கிற கரைசலை ஒரு சவ்வுக் குழாயில் ஊற்றி இரண்டு முனையிலும் கிளிப் போடுவோம். ஒன்றை 7.4 பீக்கரிலும் இன்னொன்றை 5 பீக்கரிலும் தொங்கவிட்டு, 37 டிகிரியில் கலக்கிக்கொண்டே இருப்போம். சவ்வு வழியாக மருந்து போகும், பை போகாது. 5-ல் வெளித்தண்ணீர் ரோஜா நிறமாக வேண்டும், 7.4-ல் தெளிவாகவே நிற்க வேண்டும். இரண்டும் ரோஜாவானால் பை ஒழுகுகிறது. இரண்டும் தெளிவாகவே நின்றால் பை திறக்கவே இல்லை. இந்த இரண்டும்தான் அதிகம் நடக்கும்.

குமார்: வாக்கிங் குழுவில் ஒருவர் பை என்ன விலை, பாண்டியில் எந்தக் கடையில் கிடைக்கும் என்கிறார். என்ன சொல்ல?

தேன்மொழி: பாலிமர் பையில் அடைத்த கீமோ எந்தக் கடையிலும் கிடைக்காது என்று சொல்லுங்கள். பீக்கரில் சரியாக வருவதே பாடு. அப்புறம் எலி, அப்புறம் மனிதர். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் செய்ய வேண்டும், கரைப்பான் மிச்சம் இருக்கக் கூடாது, அவிழ்ந்த சங்கிலி உடம்பை விட்டு எப்படிப் போகிறது என்றும் காட்ட வேண்டும். யாராவது விற்றால் அது வேறு ஏதோ.

குமார்: சரிம்மா, அப்படியே போட்டுவிடுகிறேன்.

(திங்கள்)

பிரபு (காலை 9:52): பேசிவிட்டேன். போட்டோவையும் அனுப்பினேன். புதன்கிழமையே வரச் சொல்கிறார்கள், ரத்தப் பரிசோதனையோடு. கையைப் பார்த்துவிட்டுத்தான் டோஸ் முடிவாம். வியாழன் ஊசி அநேகமாகத் தள்ளிப்போகும். ஒரு க்ரீம் பெயர் சொன்னார்கள், வாங்கிவிட்டேன்.

தேன்மொழி: நல்லது. பஸ் வேண்டாம் பிரபு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் அத்தைக்கு எரியும். கார் பிடித்துவிடு. நான் காலாப்பட்டிலிருந்து அங்கே வந்துவிடுகிறேன்.

வசந்தா: அண்ணி, இந்த வாரம் சமையல் என் பொறுப்பு. நீங்கள் அடுப்படிப் பக்கமே வராதீர்கள்.

சுந்தரம்: பாத்திரம் என் பொறுப்பு.

செல்வி: அப்படியானால் நேற்று ராத்திரி ஊறப்போட்ட குக்கர் இன்னும் தொட்டியில்தான் கிடக்கிறது, வந்து பாருங்கள்.