சவுத் ஸோன் போகணும், அட்டெண்டன்ஸும் லேபும் என்ன ஆகும்?

செட்டர்07:
அண்ணா யுனிவர்சிட்டி அஃபிலியேட்டட் காலேஜ், இசிஇ மூணாவது செமஸ்டர். யுனிவர்சிட்டி வாலிபால் டீம்ல செலக்ட் ஆகியிருக்கேன். கேம்ப் 10 நாள், அப்புறம் சவுத் ஸோன் (தென்மண்டல யுனிவர்சிட்டிகளுக்கு நடுவுல நடக்குற போட்டி), ரயில் பயணத்தோட சேர்த்து 8 நாள். நடுவுல ஒரு இன்டர்னல் டெஸ்ட்டும் ரெண்டு லேபும் வருது. ஓடி (ஆன் டியூட்டி, காலேஜுக்காகப் போறோம்னு காட்டுற) லெட்டர் இருந்தா போதும்னு சீனியர்ஸ் சொல்றாங்க. நிஜமாவா?

கோர்ட்ஓரம்:
போதாது தம்பி. முதல்ல நாளை எண்ணுங்க. செமஸ்டருக்கு 90 வேலை நாள்னு வச்சா, 75 சதவீத அட்டெண்டன்ஸுக்கு 22 நாள் வரைக்கும்தான் லீவு போடலாம். உங்க கணக்குல 18 போயிடுச்சு. காய்ச்சல், அக்கா கல்யாணம் எல்லாத்துக்கும் சேர்த்து மிச்சம் 4. டீம் ஆல் இந்தியா போட்டிக்குத் தகுதி பெற்று, அதுவும் இதே செமஸ்டர்ல வந்து இன்னொரு 10 நாள் போனா 28. அட்டெண்டன்ஸ் 68.9 ஆயிடும். 65-லிருந்து 75-க்குள்ள இருந்தா காண்டோனேஷன் (குறையுற அட்டெண்டன்ஸை மன்னிச்சுப் பரீட்சை எழுத விடுறது) உண்டு; விளையாட்டும் அதுக்கு ஏற்கப்படுற காரணம்தான். ஆனா முன் அனுமதியும் பங்கேற்புச் சான்றிதழும் வேணும். 65-க்குக் கீழ போனா எந்தச் சான்றிதழும் காப்பாத்தாது.

ஓடியை ஆப்சென்ட்டாவே நினைச்சுக் கணக்குப் போடுங்க. காலேஜ் வருகையா சேர்த்துக்கிட்டா அது போனஸ்.

பேப்பர் வேலையில வழக்கமா சறுக்குற இடம் கேம்ப். லெட்டர்ல போட்டித் தேதி மட்டும் இருக்கும். கேம்ப் 10 நாளும், பயண நாளும் விட்டுப்போகும். பி.டி. சார்கிட்ட கேம்புக்குத் தனி லெட்டர் கேளுங்க. பிரின்சிபால் கையெழுத்து ரயில் ஏறுறதுக்கு முன்னாடியே வாங்கணும். கிளாஸ் அட்வைசருக்கு ஒரு காப்பி, உங்ககிட்ட ஒண்ணு. சான்றிதழ் கைக்கு வர சில சமயம் மாசக்கணக்காகும். அதனால ஊர் கிளம்புறப்பவே மேனேஜர்கிட்ட ஒரு பங்கேற்புக் கடிதம் எழுதி வாங்கிடுங்க.

ரெக்கார்டு_நோட்டு:
லேபை விட்டுடாதீங்க. யுனிவர்சிட்டியோட 2021 ரெகுலேஷன்ல (படிப்பு, மார்க் விதிகள்) லேபுக்கு இன்டர்னலே 60 மார்க், தியரிக்கு 40தான். தியரியை யார் நோட்டையாவது வாங்கிப் படிச்சுடலாம். சர்க்யூட் போடாம ரீடிங் எழுத முடியாதே!

கிளாஸ் ரெண்டு பேட்ச்சா பிரிஞ்சிருக்கும்ல? கிளம்புறதுக்கு முந்தின வாரம் ஸ்டாஃப்கிட்ட கேட்டு மத்த பேட்ச்சோட உட்கார்ந்து, அடுத்த எக்ஸ்பெரிமெண்ட்டை முன்கூட்டியே முடிச்சு, அப்சர்வேஷன் நோட்டுல கையெழுத்து வாங்கிடுங்க. வந்தப்புறம் கேட்டா, காம்பொனென்ட்டை எல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டியிருப்பாங்க. இன்டர்னலுக்கும் அதேதான், ரீ-டெஸ்ட்டுக்கு இப்பவே எழுத்துல கேட்டு வைங்க. அது ஹெச்ஓடி (துறைத் தலைவர்) முடிவு, உரிமை இல்ல.

அப்பர்பெர்த்:
"ரயில்ல படிச்சுக்கலாம்"னு மூணு புக் தூக்கிட்டுப் போகாதீங்க. டீமோட போற ரயில்ல கணக்குப் போட்டு யாரும் பார்த்ததில்ல. செமஸ்டர் பரீட்சையில பார்ட் ஏ-ல 10 ரெண்டு மார்க் கேள்வி வருதே, அதுக்கு மட்டும் ரயில் சரி. பாடத்துக்கு ரெண்டு யூனிட், போன்ல பிடிஎஃப்பா இறக்கிக்கங்க, வழியில சிக்னல் இருக்காது. 13 மார்க் பிராப்ளம் எல்லாம் ஊர் வந்து பேப்பர்ல போட்டாதான் வரும். மேட்ச் நாள்ல புக்கைத் தொடாதீங்க.

செட்டர்07:
நன்றிண்ணா. நாக்-அவுட்ல முதல் ரவுண்டுலயே தோத்துட்டா?

கோர்ட்ஓரம்:
அங்கதான் பல பேர் மாட்டுவாங்க. லெட்டர்ல 8 நாள் இருக்கும், டீம் நாலாம் நாளே திரும்பிடும். மிச்ச நாலு நாளை வீட்டுல கழிச்சா, அது ஸ்டாஃபுக்குத் தெரிஞ்சா மொத்த ஓடியையும் சந்தேகப்படுவாங்க. ரயில் இறங்கின மறுநாளே கிளாஸ் போயிடுங்க. திரும்புற டிக்கெட் காப்பியையும் லெட்டரோட சேர்த்துக் கொடுங்க. ரிட்டர்ன் டிக்கெட் கடைசித் தேதிக்குதான் போட்டிருக்கும், அதனால தட்கலுக்குக் கையில கொஞ்சம் காசு வச்சுக்கங்க.