ஜாஸ்னா அந்த வாதத்தில் தோற்றது நியாயமா? (‘விண்ட் அண்ட் ட்ரூத்’ முழு ஸ்பாய்லர்)

வெள்ளி மை:
முடிவு வரைக்கும் எல்லாவற்றையும் பேசப் போகிறேன், படிக்காதவர்கள் இப்போதே விலகிக்கொள்ளுங்கள். பிராண்டன் சாண்டர்சனின் ஸ்டார்ம்லைட் வரிசையில் ஐந்தாவது புத்தகம், 2024 டிசம்பரில் வந்தது, 1300 பக்கத்துக்கு மேல். மொத்தக் கதையும் பத்தே நாளில் நடக்கிறது, பத்தாம் நாள் கூட்டணியின் தலைவர் டாலினாருக்கும், எதிரியான ஒடியம் என்ற தெய்வ சக்தி நிறுத்தும் வீரனுக்கும் போட்டி. கலாடினும் ஸெத்தும் ஷினோவாருக்குப் போகும் பகுதி எனக்குப் பிடித்தது, டாலினாரின் மகன் அடோலின் பகுதி ரொம்பவே பிடித்தது. ஆனால் அறிஞரும் அரசியுமான ஜாஸ்னாவுக்குச் செய்ததை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

கூட்டணியில் இருக்கும் தைலனா நாட்டின் அரசி ஃபென் யார் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்க வேண்டும். ஒடியமாக மாறிவிட்ட டாரவாஞ்சியன் ஒரு பக்கம், ஜாஸ்னா மறுபக்கம், வாதம் நடக்கிறது. பெரும்பான்மைக்கு எது நல்லதோ அதுவே சரி என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவளிடம், “அப்படியென்றால் ஃபென் என்னோடு சேர்வதுதான் அவள் மக்களுக்கு நல்லது, உன் கொள்கையே அதைத்தான் சொல்கிறது” என்ற அளவில் அவன் மடக்குகிறான், அவளும் நிலைகுலைந்து போகிறாள். முதல் புத்தகத்தில் இருட்டுச் சந்தில் திருடர்களைக் கொன்றுவிட்டு, நான் செய்தது சரியா என்று தன் மாணவி ஷாலனையே யோசிக்க வைத்தவள் இவள். அவளுக்கு இந்த எதிர்வாதம் புதிதாகவா இருந்திருக்கும்? தத்துவம் படிக்க ஆரம்பித்தவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி அது.

நான்காம் பாலம்:
ஏற்க முடியவில்லை நண்பரே. ஜாஸ்னாவுக்குப் பதில் தெரியாமல் போனதாக நீங்கள் படித்திருக்கிறீர்கள். அவன் அவளுடைய தத்துவத்தை உடைக்கவே இல்லை, அந்தத் தத்துவத்தை அவளே கடைப்பிடிக்கவில்லை என்றுதான் காட்டுகிறான். தன் குடும்பம், தன் நாடு என்று வந்தால் அவள் கணக்கு மாறிவிடும், ஃபென்னின் நாட்டை விட்டுக்கொடுத்துத்தான் தன் நாட்டைக் காப்பாற்ற முடியும் என்றால் விட்டுக்கொடுத்துவிடுவாள். அது உண்மை என்று அவளுக்கே தெரிகிறது. கார்பிரான்த் நகரத்தில் அவள் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே டாரவாஞ்சியன்தான் அங்கே ராஜா, அவளை எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? எனக்கு இந்தப் புத்தகத்திலேயே பயமாக இருந்த இடம் அதுதான், வாளே உருவாமல் ஒரு நாட்டைப் பறிக்கிறான்.

வெள்ளி மை:
அங்கேதான் எனக்கு உதைக்கிறது. பேச்சு தைலனாவை விட்டுவிட்டு ஜாஸ்னா யோக்கியமா இல்லையா என்று திரும்புகிறது. வாதம் தெரிந்தவள் அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டாமா? “நான் எப்படிப்பட்டவளாகவும் இருந்துவிட்டுப் போகிறேன், இவனிடம் கையெழுத்துப் போட்டால் உன் பேரப்பிள்ளைகள் யாருக்காகப் போர் செய்வார்கள் என்று பார்” என்று ஃபென் பக்கம் திருப்பிவிட்டு, அதையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாமே. கதை நடக்கும் ரோஷார் உலகத்தின் மக்களை வேறு உலகங்களின் போருக்குப் படையாக்குவதுதான் ஒடியத்தின் பழைய திட்டம் என்று நான்காவது புத்தகத்திலேயே வந்துவிட்டதே. அவள் தோற்கட்டும், எனக்கு அதில் வருத்தமே இல்லை. தோற்கிறவள் ஜாஸ்னாவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

நான்காம் பாலம்:
ஃபென் எதை வைத்து முடிவெடுக்கிறாள் என்று பாருங்கள். கூட்டணி தன்னைக் கைவிடாது என்ற நம்பிக்கைதான் அவளிடம் இருந்த ஒரே பிடி. அந்தக் கூட்டணியின் முகமாக எதிரே நிற்பவள் ஜாஸ்னா. அவள் கைவிடுவாளா மாட்டாளா என்பதுதான் விவாதப் பொருளே, அதைக் கேட்டால் தனிமனிதத் தாக்குதல் ஆகாது. ஒடியம் கொடுத்த வாக்கை மீற முடியாது, அது அந்தச் சக்தியின் இயல்பு. ஜாஸ்னா மீறலாம். ஒரு அரசிக்கு எது பெரியது? நான் ஃபென்னாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

கறுப்பு முள்:
இரண்டு பேரும் ஜாஸ்னாவிலேயே நிற்கிறீர்கள். எனக்கு ஆறாத விஷயம் கவினோர், டாலினார் வளர்க்கும் பேரன் முறைப் பையன். ஐந்து வயசுப் பையனை ஆன்ம உலகத்தில் தொலைத்துவிட்டு, கடைசியில் இருபது வருஷம் வளர்ந்த ஆளாக, ஒடியத்தின் வீரனாகக் கொண்டுவந்து நிறுத்துவது அதிர்ச்சிக்காகச் செய்தது போல் இல்லையா? அந்த இருபது வருஷத்தை நாம் பார்க்கவே இல்லை. பார்க்காத வெறுப்பை நான் எப்படி நம்புவது?

நான்காம் பாலம்:
விதை போட்டுத்தானே வைத்திருந்தார். மூன்றாவது புத்தகத்தில் அவன் அப்பா, ராஜா எல்ஹோகார், பையனைக் கையில் தூக்கிக்கொண்டிருக்கும்போதே துரோகி மோவாஷ் அந்த ராஜாவைக் கொல்கிறான். அதற்கப்புறம் அந்தக் குழந்தை வாள் வேண்டும், வாள் வேண்டும் என்றே திரிகிறது. டாலினாரும் பாசமாகத்தான் சமாளித்தார், ஆனால் உட்கார்ந்து பேசவில்லை.

வெள்ளி மை:
இதில் நான் கறுப்பு முள் பக்கம். விதை இருந்தது சரி, மரத்தைக் காட்டவில்லையே. ஆனால் டாலினாரின் முடிவை இதற்காகக் குறை சொல்ல மாட்டேன். ரதாலாஸ் நகரத்தையே எரித்தவன், தன் மனைவியையே அந்தத் தீயில் இழந்தவன், இன்னொரு சாவால் ஜெயிக்க மாட்டேன் என்று தான் ஏற்ற ஹானர் என்ற தெய்வத்தின் சக்தியையே கைவிட்டு, அதையும் ஒடியத்தின் கையில் போக விடுகிறானே, அந்தப் பக்கங்களில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு சக்தியையும் தாங்கும் டாரவாஞ்சியனை மற்ற தெய்வங்கள் இனி சும்மா விடாது, அதுதான் டாலினார் போட்ட கணக்கு. அவர் செத்த பிறகுதான் அந்தக் கணக்கு புரிகிறது.

கறுப்பு முள்:
அடோலினைப் பற்றி யாரும் சண்டை போடாதது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. முற்றுகையில் இருக்கும் அஸிமிர் நகரத்தில் பேரரசன் யானகாவ்னுக்குச் சீட்டாட்டம் சொல்லிக்கொடுக்கிறான் இல்லையா, எனக்கு மொத்தப் புத்தகத்திலும் அந்தக் காட்சிகள்தான். பையனைச் சுற்றி ஆயிரம் சடங்கு, தொட்டால் குற்றம், அவனோடு உட்கார்ந்து சீட்டுப் போட்டு, கவசம் மாட்டக் கற்றுக்கொடுத்து நண்பனாகிவிடுகிறான். ஒரு காலை இழந்த பிறகும் சண்டையை விட்டுக்கொடுக்கவில்லை. மற்ற வீரர்களுக்குச் சக்தி தரும் சபதமே செய்யாத ஒருவன் இத்தனை தூரம் நிற்கிறான்!

வெள்ளி மை:
அதே கையால்தானே ஜாஸ்னாவையும் எழுதினார், அதனால்தான் கோபம் வருகிறது. அடோலினுக்கு ஒவ்வொரு நாளும் இடம் கொடுத்தார், அவன் தேய்வது, களைப்பது எல்லாம் தெரிகிறது. ஜாஸ்னாவின் உடைவுக்குக் கிடைத்தது அந்த ஒரு வாதம்தான். ஆறாவது புத்தகம் வர இன்னும் பல வருஷம் ஆகும், நடுவில் தன் இன்னொரு வரிசையான மிஸ்ட்பார்னை எழுதப் போகிறார். அதுவரைக்கும் அவளை இப்படியே நிறுத்தி வைப்பதா?

நான்காம் பாலம்:
இந்தப் பத்துப் புத்தக வரிசையின் பின்பாதி ஐந்தில் ஒன்று ஜாஸ்னாவின் கடந்த காலத்தைச் சொல்லும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு புத்தகம் வர வேண்டுமென்றால் அவள் முதலில் உடைந்துதான் ஆக வேண்டும். நீங்கள் அந்த வாதத்தை ஒரு தடவை ஃபென் இடத்தில் இருந்து படித்துவிட்டு வாருங்கள், ஜாஸ்னா எந்த வரியில் தோற்கிறாள் என்று நீங்களே சொல்லுங்கள். கொள்கையில் தோற்கிறாள் என்று காட்டிவிட்டால் நான் ஒத்துக்கொள்கிறேன்.