கிளிக் செய்தும் திறக்காத பாப்-அப் விண்டோ: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

தோவாளை மகன்:

மூன்று வாரமாக மனதில் கிடக்கிறது, எழுதினால் கொஞ்சம் ஆறும். தோவாளை பூச்சந்தையில் ஒரு மொத்தக் கடைக்கு பில் போடும் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பட்டனை அமுக்கினால் கணக்கு சர்வரில் ஏறும், பில் எண் திரும்பி வரும், வந்ததும் புது விண்டோ திறக்கும் கட்டளையான விண்டோ.ஓப்பன் ஓடி சின்ன விண்டோவில் பில் திறக்கும், அங்கிருந்து பிரிண்ட். நாகர்கோவிலில் என் வீட்டில் நூறு தடவை ஓட்டிப் பார்த்தாயிற்று, ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

முதல் நாள் அதிகாலை 5 மணி. பிச்சியும் அரளியும் ஈரச் சாக்கில் அடுக்கியிருக்கிறது, கேரளாவுக்குப் போகிற வண்டி எஞ்சினை அணைக்காமல் வாசலில் நிற்கிறது. கடை அக்கா கையைச் சேலையில் துடைத்துவிட்டு மவுஸைப் பிடித்து அமுக்கினார். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அமுக்கினார். நாலு தடவை. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, நான் அமுக்கியாச்சு. இனி என்ன அமுக்கணும்?" என்று கேட்டார். குரலில் கோபமே கிடையாது, தான்தான் ஏதோ தப்பாகச் செய்கிறோம் என்று நினைத்துக் கேட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. பென்சிலை எடுத்துத் துண்டுச் சீட்டில் பில் எழுதி டிரைவர் கையில் கொடுத்துவிட்டார், வண்டி போய்விட்டது. சர்வரில் ஒரே சரக்குக்கு நாலு பில்.

காரணம் அன்று மத்தியானம்தான் பிடிபட்டது. அந்தக் கடையில் செல்போன் ஹாட்ஸ்பாட்தான் நெட். சர்வர் பதில் சொல்ல ஏழெட்டு விநாடி ஆகிறது. குரோமில் 72-ஆம் பதிப்பு, அதாவது 2019-இலிருந்து, ஒரு கிளிக்குக்கு சுமார் 5 விநாடிதான் ஆயுசு. அதற்குள் விண்டோ.ஓப்பன் ஓடினால் ஆள் கேட்டது என்று எடுத்துக்கொள்ளும், தாண்டினால் பக்கம் தானாகத் திறக்கப் பார்க்கிறது என்று மறித்துவிடும். என் வீட்டு ஃபைபரில் பதில் அரை விநாடியில் வந்ததால் எனக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. மறித்ததற்கு அடையாளமாக முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் ஒரு சின்னப் படம் வரும், அதை யார் பார்க்கிறார்கள்?

உங்களுக்கு இப்படி நடந்ததா?

குழித்துறை ஆறு:

எனக்கு நடந்தது பழைய கதை. மார்த்தாண்டத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலம், ஃபயர்பாக்ஸ் 1.0 வந்து சில மாதம், அது 2004 நவம்பரில் வந்தது. ரப்பர் ஷீட் வாங்குகிற ஒரு வியாபாரிக்கு அன்றைய விலை காட்டுகிற பாப்-அப் செய்தேன். ஃபயர்பாக்ஸில் பளிச்சென்று திறக்கிறது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் கீழே இடது மூலையில் மஞ்சள் முக்கோணம், அதை அமுக்கினால் 'இன்வாலிட் ஆர்கியூமென்ட்', அதாவது கட்டளைக்குக் கொடுத்த மதிப்புகளில் ஏதோ ஒன்று செல்லாது. எந்த ஆர்கியூமென்ட் என்று அது சொல்லாது.

இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். அகலத்தை எடுத்தேன், உயரத்தை எடுத்தேன், ஸ்க்ரோல்பாரை எடுத்தேன், முகவரியையே காலியாக விட்டுப் பார்த்தேன். கடைசியில் கை வைக்காமல் மிச்சம் இருந்தது இரண்டாவது ஆர்கியூமென்ட், விண்டோவின் பெயர். 'ரப்பர் விலை' என்று ஆங்கில எழுத்தில் நடுவில் ஒரு இடைவெளி விட்டு வைத்திருந்தேன். அந்த இடைவெளியை எடுத்து அடிக்கோடு போட்டதும் திறந்தது. அந்தப் பெயர் திரையில் எங்கேயும் வராது, டைட்டில் வேறு, பெயர் வேறு. யாருக்கும் தெரியாத ஒரு பெயரில் இருந்த ஒரு இடைவெளிக்காக இரண்டு ராத்திரி. இன்றைக்கும் விண்டோ.ஓப்பன் எழுதினால் பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு தவிர எதுவும் போடுவதில்லை.

குமரிமுனை:

தோவாளை மகன் காரணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார், ஆனால் குரோமை மட்டும் பார்த்து நிறுத்திவிட்டார். ஃபயர்பாக்ஸில் இந்த ஆயுசு முன்பு 1 விநாடிதான். ஐபோன் சஃபாரி இன்னும் கறார், சர்வர் பதிலுக்குப் பிறகு வருகிற விண்டோ.ஓப்பனை அது மறிப்பதுதான் வழக்கம். ஆகவே '5 விநாடிக்குள் முடித்துவிடுகிறேன்' என்று சர்வரை வேகமாக்கப் போகாதீர்கள்.

என் கதை சின்னது. கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜுக்கு முன்பதிவுப் பக்கம். பணம் கட்டியதும் ரசீது புது விண்டோவில் திறக்கும், விண்டோ.ஓப்பன் நல், அதாவது ஒன்றுமில்லை, என்று திருப்பித் தந்தால் 'பாப்-அப் தடுக்கப்பட்டது, மறுபடி முயலவும்' என்று செய்தி காட்டும். அது சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக்கு நல்லது என்று படித்துவிட்டு மூன்றாவது ஆர்கியூமென்ட்டில், புது விண்டோவுக்கும் அதைத் திறந்த பக்கத்துக்கும் உள்ள தொடர்பை அறுக்கும் 'நோஓப்பனர்' சேர்த்தேன். அதைச் சேர்த்தால் விண்டோ நன்றாகத் திறந்தாலும் திரும்பி வருவது நல்தான், விதியே அப்படி. ரசீதும் திறக்கிறது, தடுக்கப்பட்டது என்ற செய்தியும் வருகிறது. வடக்கேயிருந்து வந்த ஒரு பெரியவர் சூரிய உதயம் பார்த்துவிட்டு வரவேற்பு மேசைக்கு வந்து ஒரே அறைக்கு இரண்டு ரசீதை விரித்து வைத்தார். செய்தியை நம்பி அவர் மறுபடி முயன்றிருக்கிறார். பணம் அன்றே திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனால் அந்த இரண்டு தாளையும் ஓரம் சேர்த்து மடிப்பில்லாமல் அவர் பிடித்திருந்தது எனக்கு மறக்கவில்லை.

சரி, இப்போது தோவாளை மகனுக்கு. கிளிக் வந்த அந்தக் கணமே முகவரி இல்லாமல் வெறும் விண்டோவைத் திறந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 'பில் தயாராகிறது' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், வெறும் வெள்ளையாக விட்டால் மூடிவிடுவார்கள். பிறகு சர்வரைக் கேளுங்கள். பதில் வந்ததும் அதே விண்டோவின் லொக்கேஷனை, அதாவது முகவரியை, பில் பக்கத்துக்கு மாற்றுங்கள், ஏற்கெனவே திறந்த விண்டோ என்பதால் எந்த பிரவுசரும் மறிக்காது. சர்வர் கைவிட்டால் அந்த விண்டோவிலேயே சொல்லுங்கள் அல்லது குளோஸ் செய்யுங்கள். ஸ்கிரிப்ட் திறந்த விண்டோவைத்தான் ஸ்கிரிப்ட் மூட முடியும், இது நீங்கள் திறந்தது, மூடும். இந்த வழியில் நோஓப்பனர் போட்டுவிடாதீர்கள், விண்டோ கைக்கு வராது. ஒரு கிளிக்குக்கு ஒரு விண்டோதான் என்பதையும் நினைவில் வையுங்கள், பில்லும் கேட் பாஸும் சேர்த்துத் திறக்க நினைத்தால் குரோம் முதல் விண்டோவை விட்டுவிட்டு இரண்டாவதை மறிக்கும். பட்டனை முதல் அமுக்கிலேயே செயலிழக்கச் செய்யுங்கள், நாலு பில் ஏறாது. இன்னொன்று, உங்கள் சொந்த மெஷினில் எப்போதோ 'இந்தத் தளத்துக்கு எப்போதும் அனுமதி' கொடுத்து மறந்திருப்பீர்கள், அதையும் போய்ப் பாருங்கள். பழைய அனுமதி எதுவும் இல்லாத புது புரொஃபைலில், பிரவுசரிலேயே இருக்கும் டெவலப்பர் டூலில் நெட்வொர்க்கை மெதுவாக்கி வைத்துச் சோதித்தால் தோவாளையை வீட்டிலேயே பார்க்கலாம்.

குலசேகரம் மழை:

இங்கே எல்லோரும் ஓப்பன் பற்றிச் சொல்கிறீர்கள். என்னை உலுக்கியது ஷோ-மோடல்-டயலாக், பதில் வாங்கும்வரை தாய்ப் பக்கத்தை நிறுத்தி வைக்கிற ஜன்னலைத் திறந்த பழைய கட்டளை.

குலசேகரம் பக்கம் ஒரு அலுவலகம், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர் கணக்கு. உறுப்பினர் எண் தெரியாவிட்டால் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும், பெயரைத் தேர்ந்து என்டர் தட்டினால் எண் தாய்ப் பக்கத்தில், அதாவது ஜன்னலைத் திறந்த பக்கத்தில், வந்து விழும். 2014-இல் ஒரு காலை, நல்ல மழை, கரண்ட் போய்ப் போய் வருகிறது. மெஷின் திரும்ப எழுந்தபோது குரோம் 37 ஆகிவிட்டிருந்தது. ஜன்னல் வரவில்லை. பிழை காட்டும் கன்சோலில் 'அன்டிஃபைன்ட் இஸ் நாட் எ ஃபங்ஷன்' என்று சிவப்பில் ஒரு வரி. அந்தப் பதிப்பில் அந்த ஃபங்ஷனையே எடுத்துவிட்டார்கள்.

அங்கே ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்த ஒரு கிளார்க் சார், மவுஸ் தொடமாட்டார், எல்லாம் கீபோர்டுதான், அவர் விரல் என்டர் மேலேயே இருந்தது. "மக்கா, நேத்து வரை நின்ன ஜன்னல் இன்னைக்கு எங்க போச்சு?" என்றார். நான் பதில் சொல்லவில்லை, மழைச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அவருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

நிறுவனங்களுக்கென்று குரோமில் இருந்த ஒரு பாலிசி செட்டிங்கை இயக்கினால் 43-ஆம் பதிப்பு வரை ஓடும் என்று தெரிந்து அதைப் போட்டு ஓட்டினோம். அப்புறம் ஃபயர்பாக்ஸுக்கு மாறினோம், அதுவும் 2017-இல் தன் 56-ஆம் பதிப்பில் எடுத்துவிட்டது. கடைசியில் முழுக்கத் திரும்ப எழுதினேன். ஷோ-மோடல்-டயலாக்கை அழைத்தால் ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே நின்றுவிடும், ஜன்னல் மூடி ரிட்டர்ன்-வேல்யூ, அதாவது தேர்ந்த பதில், வந்த பிறகுதான் அடுத்த வரி ஓடும். ஓப்பன் நிற்காது, அடுத்த வரி உடனே ஓடிவிடும், கையில் எண் வந்திருக்காது. அந்த ஒரு வித்தியாசத்துக்காக அறுபது இடத்துக்கு மேல், பதில் வந்த பிறகு ஓடும் கால்பேக்காக மாற்றினேன். முடித்தபோது சார் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்.

கோட்டாறு:

குமரிமுனை சொன்ன வெறும் விண்டோ வழி எனக்குச் சம்மதமில்லை. ஐபோனில் அகலம் உயரம் எதுவும் எடுபடாது, புது டேப்தான், அது முழுத் திரையையும் மறைத்துவிடும், ஆள் தாய்ப் பக்கம் எங்கே என்று தேடுவார். ஏன் விண்டோவையே விடாப்பிடியாகப் பிடித்திருக்கிறீர்கள்? குலசேகரம் மழை சொன்ன அதே குரோம் 37-இல்தான் பக்கத்துக்குள் பெட்டி திறக்கும் டயலாக் எலிமென்ட் வந்தது. ஃபயர்பாக்ஸ் 98, சஃபாரி 15.4, இரண்டும் 2022 மார்ச்சில் வந்தன, அவற்றோடு எல்லாரிடமும் வந்துவிட்டது. பக்கத்துக்குள்ளேயே திறக்கும், பாப்-அப் தடுப்புக்கு அங்கே வேலையே இல்லை. உறுப்பினர் எண் தேடுவதற்கு அதுதான் சரி, அந்த வசதி அப்போதே எல்லா பிரவுசரிலும் இருந்திருந்தால் அந்த கிளார்க் சாருக்கு ஜன்னல் போயிருக்காது.

குமரிமுனை:

கோட்டாறு, எண் தேட டயலாக் சரி, ஒத்துக்கொள்கிறேன். பூச்சந்தையில் அது போதாது. ஒரு பில் பிரிண்ட் ஆகும்போதே அடுத்த சரக்கை எடை போட்டு ஏற்ற வேண்டும், தாய்ப் பக்கத்தை மறிக்கக் கூடாது. அந்தக் கடையில் இருப்பது ஐபோன் இல்லை, மேசைக் கம்ப்யூட்டர். யார் எங்கே உட்கார்ந்து அமுக்குகிறார் என்று பார்த்துத்தான் வழி சொல்ல முடியும்.

தக்கலை தங்கச்சி:

நீங்கள் சொல்வதெல்லாம் திறக்காத விண்டோ. எனக்கு நடந்தது திறந்தே இருந்த விண்டோ.

தக்கலையில் ஸ்கேன், பிரிண்ட் எடுக்கும் கடையில் வேலை பார்த்தபோது உள் பயன்பாட்டுக்கு ஒரு பக்கம் எழுதினேன். 'பார்' என்று அமுக்கினால் ஸ்கேன் படம் பாப்-அப்பில் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே விண்டோ பெயர் கொடுத்திருந்தேன், விண்டோ பெருகக் கூடாதே என்று. முதல் வாடிக்கையாளரின் படம் வந்தது, கூட வேலை செய்த அக்கா அதை மூடாமல் தாய்ப் பக்கத்தில் எங்கேயோ கிளிக் செய்தார், பாப்-அப் பின்னால் போய்விட்டது. அடுத்தவருக்கு 'பார்' அமுக்கினால் படம் மாறுகிறது, ஆனால் பின்னால் இருக்கிற விண்டோவில். முன்னால் ஒன்றும் அசையவில்லை. அக்கா அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு மெஷினை அணைத்துப் போட்டார். வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு அம்மா, "நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் இறங்கிப் போய்விட்டார். சாதிச் சான்றிதழ் ஸ்கேன் அது, கடைசித் தேதி என்றைக்கோ எனக்குத் தெரியாது.

ஓப்பனுக்கு அடுத்த வரியில், விண்டோவை முன்னால் கொண்டுவரும் ஃபோகஸ் போட்டேன். என் மெஷினில் முன்னால் வந்தது, கடை மெஷினில் வரவில்லை. ஃபோகஸ் என்பது வேண்டுகோள்தான், பிரவுசரும் ஆளுடைய செட்டிங்கும் சம்மதித்தால்தான் விண்டோ மேலே வரும். பிறகு, பழைய விண்டோ இன்னும் திறந்திருக்கிறதா என்று விண்டோவின் 'குளோஸ்டு' (மூடியாயிற்றா) என்ற மதிப்பைப் பார்த்து, திறந்திருந்தால் மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கும்படி மாற்றினேன். புதிதாகத் திறப்பது முன்னால் வருகிறது. அந்த அம்மா மறுபடி வந்தாரா என்று அந்த வாரம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழித்துறை ஆறு:

தங்கச்சி, ஒரு விஷயம். மூடித் திறக்கும்போது ஆள் அந்த விண்டோவை நகர்த்தி வைத்த இடம் போய்விடும். திறக்கும்போதே இடது, மேல் அளவைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு மானிட்டர் இருந்தால் அதையும் பிரவுசர் தன் இஷ்டப்படி திருத்தும், பார்த்துக்கொள்ளுங்கள்.

தோவாளை மகன்:

எல்லோருக்கும் நன்றி. குமரிமுனை சொன்னபடி மாற்றி எழுதிக்கொண்டு நேற்று அதிகாலை மறுபடி சந்தைக்குப் போனேன். ஹாட்ஸ்பாட் வழக்கம்போலத்தான். புது புரொஃபைலில் சோதித்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, மவுஸைப் பார்க்காமல் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு தடவை அமுக்கினார். சின்ன விண்டோ உடனே வந்தது, 'பில் தயாராகிறது, இருங்கள்' என்று எழுத்து. அக்கா மவுஸை விட்டுக் கையை எடுத்துவிட்டார். 9 விநாடி, எண்ணினேன். பில் வந்தது, பிரிண்டரில் சீட்டும் இறங்கியது. சர்வரில் பார்த்தேன், ஒரே ஒரு பில்.

ஆனால் அந்த 9 விநாடிக்குள் அவர் பென்சிலால் துண்டுச் சீட்டில் எழுதி முடித்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் வரி வரியாகத் தொட்டுப் பார்த்தார். பிச்சி, அரளி, சம்பங்கி, கூலி, மொத்தம். சரியாக இருந்தது. பிரிண்ட் ஆனதை டிரைவரிடம் கொடுத்தார், கையால் எழுதியதைக் கல்லாப்பெட்டிக்குள் போட்டு மூடினார், "அடுத்த சாக்கு எடு" என்று பையனைக் கூப்பிட்டார்.