வேப்பங்கிண்ணத்தில் நார் பிய்கிறது: அடுத்து எந்த உளி வாங்கலாம்?

கேள்வி (நெல்லையிலிருந்து)

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் சிறிய லேத் (மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஒன்றைப் போட்டுக் கிண்ணமும் தட்டும் கடைந்து பழகி வருகிறேன். அரை அங்குலக் கிண்ண உளி, ஸ்க்ரேப்பர் (சுரண்டும் உளி), பார்ட்டிங் உளி (வெட்டிப் பிரிக்கும் உளி) ஆகிய மூன்றும் இருக்கின்றன. எல்லாம் ஹைஸ்பீட் ஸ்டீல் என்ற சூடு தாங்கும் எஃகு.

8 அங்குல வேப்பங்கிண்ணத்தின் வெளிப்புறத்தில் எதிரெதிரே இரண்டு இடங்களில் மட்டும் நார் பிய்ந்து குழி விழுகிறது. மற்ற இரண்டு பக்கமும் வழவழவென்று வருகின்றன. 80ஆம் எண் உப்புத்தாள் போட்டும் குழி மறையவில்லை. வேகம் நிமிடத்துக்குச் சுமார் 1000 சுற்று. கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) முனை உளி வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். ஒரு பொருள் வாங்கத்தான் கையில் பணம் இருக்கிறது. இது இல்லாமல் பட்டறையே நடக்காது என்று நீங்கள் சொல்லும் கருவி எது?

பதில் (கடைசல் பட்டறைக்காரர், கோவை)

தம்பி, உளி வாங்காதீர்கள். சாணை வாங்குங்கள்.

கிண்ணத்துக்கு மரத்தைப் படுக்கைவாட்டில், அதாவது நார் சுழலும் அச்சுக்குக் குறுக்கே இருக்கும்படி மாட்டுகிறோம். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடங்களில் நாரின் முனை உளிக்கு எதிரே வந்து நிற்கும். அங்கே கூர் மழுங்கிய உளி நாரை அறுக்காது, பிடுங்கும். வேம்பில் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் தொல்லை இன்னும் அதிகம். தட்டையாகப் பிடிக்கும் கார்பைடு முனை சுரண்டும் வேலையைத்தான் செய்யும். உங்கள் குழி ஆழமாகுமே தவிர ஆறாது.

வேகத்தில் குறை இல்லை. அங்குலத்தில் விட்டத்தைச் சுற்று எண்ணிக்கையோடு பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் இருக்க வேண்டும் என்பது கடைசல்காரர்களின் பொதுக் கணக்கு. உங்களுக்கு 8000 வருகிறது. மரம் ஒருபக்கமாக எடை மிகுந்து ஆடினால் மட்டும் குறையுங்கள்.

சாணையில் நிமிடத்துக்கு 1400 சுற்றை ஒட்டி ஓடும் மெதுவான வகை நல்லது. சாம்பல் நிறக் கல்லைக் கழற்றிவிட்டு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல் போடுங்கள். அதைவிட முக்கியம், உளியை ஒரே கோணத்தில் தாங்கும் சாய்வுத் தாங்கி. கையால் பிடித்துத் தீட்டினால் ஒவ்வொரு முறையும் கோணம் மாறும். சூடேறிய ஹைஸ்பீட் உளியைத் தண்ணீரில் முக்காதீர்கள். முனையில் மயிரிழை வெடிப்பு விழும்.

நான் மிகவும் நேசிக்கும் கருவியையும் சொல்கிறேன்: கறுப்பு மார்க்கர் பேனா. உளியின் சாய்வு (கூர்முனைக்குப் பின்னால் தீட்டப்பட்ட சரிவான பரப்பு) முழுவதும் மை பூசுங்கள். சாணையை ஓட்டாமல், கல்லைக் கையால் மெல்லச் சுற்றி உளியைத் தொட வையுங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது.

பதில் (மதுரைக்காரர்)

மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்று. வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பை நோக்கி, அதாவது சிறிய விட்டத்திலிருந்து பெரிய விட்டத்துக்குக் கடையுங்கள். உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவுக்கு. கடைசிச் சீவலுக்கு முன் அந்த இரண்டு இடங்களிலும் தண்ணீர் தொட்டுத் தடவி, புதிதாகத் தீட்டிய உளியால் மெல்லியதாக ஒரு சீவல் எடுங்கள்.

எனக்கு இன்றியமையாதது காலிப்பர், அதாவது தடிமன் அளக்கும் கருவி. பச்சை மரத்தை முதலில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் விட்டுக் கடைந்து உலர வைக்க வேண்டும். உங்கள் கிண்ணத்துக்கு ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அளவு அல்ல அது.

பதில் (பொம்மை கடைபவர்)

கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் மரப் பொம்மை கடையும் கைவினைஞர்கள் சுழலும் மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி ஒட்டும். அதைத் தாழை மடலால் தேய்த்துப் பரப்பி மெருகேற்றுவார்கள். கருவி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மடல்தான். இன்னொன்று, முகக் கவசம் வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் சாணைக்கும் முன்னால் அதுதான்.

கேட்டவர்

முகக் கவசம் இருக்கிறது ஐயா. நான் வழக்கமாகத் தீட்டும் பக்கத்துப் பட்டறைச் சாணையில் மை பூசிப் பார்த்தேன். சாய்வின் பின்பகுதியில் மட்டும் மை அழிந்தது. கூர்முனையை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குக் கறுப்பு அப்படியே நிற்கிறது.

பதில் (கடைசல் பட்டறைக்காரர், கோவை)

அப்படியானால் நீங்கள் தீட்டியபோதெல்லாம் கல் முனையைத் தொடவே இல்லை தம்பி. தாங்கியின் சாய்வைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு முறையும் புதிதாக மை பூசிக் கல்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். பின்பகுதியிலிருந்து முனைவரை ஒரே சீராக மை அழிந்த பிறகு மோட்டாரைப் போடுங்கள். அழுத்த வேண்டாம். தீப்பொறி உளியின் மேல்பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். அதே வேப்பங்கிண்ணத்தில் ஒரு சீவல் எடுத்து, அந்த இரண்டு இடங்களின் படத்தைப் போடுங்கள்.