கள்ளிச் செடிக்கு நார்த்தூளா, ஓட்டுச் சில்லா?

மார்த்தாண்டம் மாடிக்காரி:
இடவப்பாதி மழை தொடங்கி மூன்றாவது வாரம். என்னிடம் இருந்த பதினொரு எச்சிவேரியாவில் (ரோஜாப்பூப்போல் இலை அடுக்கும் சதைப்பற்றுச் செடி) ஏழு போய்விட்டன. பார்வைக்கு இலைகள் தளதளவென்றுதான் இருந்தன. ஒன்றைத் தொட்டேன், தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. தண்டு கறுத்துக் கூழாகியிருந்தது. மேலே கூரை உண்டு, மழை நேரடியாக விழவில்லை. 'கள்ளிச் செடிகளுக்கான மண்கலவை' என்று அச்சிட்ட பையில் வாங்கிய மண் அது. கவிழ்த்துப் பார்த்தால் முக்கால்வாசி தென்னை நார்த்தூள். பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல்) என்ற பெயரில் மிளகளவு வெள்ளைக் கட்டிகள் அங்கொன்றும் இங்கொன்றும். தண்ணீர் ஊற்றிப் பத்து நாள் கழித்தும் நடுவில் விரலை விட்டால் ஈரம். நம் குமரி மாவட்டத்தில் கள்ளிக்கு நார்த்தூளே ஆகாது என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

ஈத்தாமொழிக்காரன்:
வந்துவிட்டேன். புவிசார் குறியீடு வாங்கிய நெட்டைத் தென்னை நிற்கும் ஊர் எங்களுடையது. நார்த்தூளைத் திட்டினால் சும்மா இருக்க முடியாது. எட்டு வருடமாக அடினியமும் (பாலைவன ரோஜா) ஹவொர்த்தியாவும் (குட்டிக் கற்றாழை மாதிரி இருக்கும் செடி) அதில்தான் வளர்க்கிறேன். கழுவாத தூளில் சோடியமும் பொட்டாசியமும் உப்பாகத் தங்கியிருக்கும். மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிந்தால் அந்தப் பழுப்புச் சாயம் தெளியும். அதைச் செய்தீர்களா? பத்து நாள் ஈரம் நிற்கிறது என்றால் பதினைந்தாவது நாள் ஊற்றவேண்டியதுதானே, அக்கா? பழி தூளின்மேல், குவளை உங்கள் கையில்.

மார்த்தாண்டம் மாடிக்காரி:
அந்த மூன்று வாரத்தில் நான் ஊற்றியது ஒரே ஒரு முறை, தம்பி. ஜூன் மாதம் எங்கள் பக்கம் கொடியில் போட்ட துணியே இரண்டு நாளாகியும் காய்வதில்லை. அதில் தூள் எங்கே காயும்? உப்பைக் கழுவினால் உப்புதான் போகும், தூள் தண்ணீரைப் பிடித்துவைக்கும் குணம் போகாது. எச்சிவேரியா மெக்சிகோ மலைச்சரிவுகளில் பாறை இடுக்கில் வளர்வது. கதகதப்பான இரவு, ஈரமான வேர் என்று இரண்டும் சேர்ந்தால் அதற்குத் தாங்காது.

ஆரல்வாய்க் காற்று:
இருவரும் அவரவர் மாடியை மாவட்டம் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் குமரிக்கு உண்டுதான். ஆனால் விளவங்கோடு, கல்குளம் பக்கம் பெய்வது தோவாளைப் பக்கம் பெய்வதில்லை. கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுற்றும் ஊரில் இருக்கிறேன். காலையில் ஊற்றினால் சாயங்காலத்துக்குள் மண்சட்டியின் ஓரம் வெளுத்துவிடும். வெளிநாட்டார் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு வெறும் கல்லில் நட்டேன். ஒரே மாதத்தில் ஜிம்னோகேலிசியம் என்ற உருண்டைக் கள்ளி உலர்ந்த நெல்லிக்காய் மாதிரி சுருங்கியது. கால் பங்கு நார்த்தூள் கலந்த பிறகுதான் பழையபடி உப்பியது. மலைச்சரிவில் தானாக நிற்கும் சதுரக்கள்ளிக்கு யாரும் கலவை போட்டுக் கொடுக்கவில்லை, அது வேறு விஷயம்.

குளச்சல் புதியவன்:
இடையில் ஒரு கேள்வி. கடற்கரை மணலை நன்றாகக் கழுவிப் பயன்படுத்தினால் என்ன? எங்களுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

நாகர்கோவில் பழைய வாத்தியார்:
வேண்டாம். உப்பைக் கழுவிவிடலாம், மணலின் பொடித்தன்மையை என்ன செய்வீர்கள்? மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணல் இல்மனைட், கார்னெட், மோனசைட் என்ற தாதுக்கள் எல்லாம் கலந்த நைசான மணல். சட்டியில் போட்டால் அடைந்து இறுகிவிடும், வேருக்குக் காற்றுப் போகாது. அதை அள்ளுவது சட்டப்படியும் வம்பு. ஒரு வேடிக்கை: 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இந்தக் கரையின் மோனசைட்டைக் கண்டுபிடித்தது, இங்கிருந்து கப்பலேறிய தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான். நாரும் மணலும் அன்றே ஒட்டிக்கொண்டவை, நீங்கள்தான் இன்று பிரிக்கப் பார்க்கிறீர்கள்.

மாடிக்காரியின் பிரச்சினைக்கு வருகிறேன். சட்டியின் அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போடுங்கள், தண்ணீர் தானாக வடிந்துவிடும். நாற்பது வருடப் பழக்கம்.

ஆரல்வாய்க் காற்று:
வாத்தியாரய்யா, மன்னிக்கவேண்டும், அது தவறு. பாத்திரம் கழுவும் செவ்வகப் பஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முக்கி, உள்ளங்கையில் படுக்கைவாக்கில் வையுங்கள். சொட்டுவது நின்றதும் நீளவாக்கில் நிமிர்த்துங்கள். மறுபடியும் சொட்டும். பஞ்சு அதே பஞ்சுதான், உயரம் கூடியதால் கூடுதலாக வடிகிறது. சட்டி மண்ணிலும் அதே கதை: நைசான மண்ணின் அடிப்பகுதியில் ஈரம் ஒரு பட்டையாக நிற்கும், அது நனைந்து நிறையும்வரை கீழே உள்ள ஜல்லிக்குள் இறங்காது. ஜல்லி போட்டால் மண்ணின் உயரம் குறைந்து, அந்த ஈரப்பட்டை வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறி நிற்கும். கல்லை அடியில் புதைப்பதற்குப் பதில் கலவை முழுவதும் கலந்துவிடுங்கள்.

நாகர்கோவில் பழைய வாத்தியார்:
பஞ்சை நிமிர்த்திப் பார்த்தேன். சொட்டியது. ஜல்லி விஷயத்தில் இனி வாய் திறக்கமாட்டேன்.

மார்த்தாண்டம் மாடிக்காரி:
பக்கத்துத் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்தார்கள். இரண்டு சாக்கு உடைந்த ஓடு கேட்டு வாங்கிவந்து சுத்தியலால் தட்டினேன். சிமென்ட் ஒட்டியிருந்த துண்டுகளை ஒதுக்கிவிட்டேன், அது மண்ணைக் காரமாக்கும். பிறகு இரண்டு சல்லடை. கொத்தமல்லி விதையைவிடப் பொடியானதும் கொண்டைக்கடலையைவிடப் பெரியதும் வெளியே. நடுவில் நின்றதைக் கழுவினேன், சிவப்புத் தண்ணீர் நான்கு வாளி. ஓட்டுச் சில்லு ஆறு பங்கு, சலித்த பருமணல் இரண்டு, அடுப்புக்கரித் துண்டு ஒன்று, மண்புழு உரம் ஒன்று. சில்லு தன் நுண்துளைகளில் கொஞ்சம் ஈரம் வைத்துக்கொள்கிறது, சில்லுக்கும் சில்லுக்கும் நடுவே காற்று நிற்கிறது. மேலே ஊற்றினால் மூச்சு விடுவதற்குள் அடித்துளையில் தண்ணீர் வருகிறது.

ஈத்தாமொழிக்காரன்:
கிறிஸ்துமஸ் கள்ளியை அதில் நட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். அது பிரேசில் காட்டில் மரக்கிளையில் தொற்றி வளர்வது. இலைமக்கும் நார்த்தூளும் இல்லாமல் வதங்கிவிடும். டிராகன் பழக்கொடியும் அப்படித்தான், அதுவும் கள்ளிதான். கள்ளி என்ற ஒரே பெயருக்குள் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். பந்தயம் வைக்கிறேன்: ஒரே அளவில் இரண்டு ஹவொர்த்தியா, ஒரே அளவு சட்டி. ஒன்று உங்கள் சில்லில், ஒன்று என் தூளில். எடை போட்டுச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் மாடிக்காரி:
ஹவொர்த்தியா பந்தயத்தை ஒப்புக்கொள்கிறேன், கிறிஸ்துமஸ் கள்ளியைப் பற்றிச் சொன்னதையும். தூள் நீங்கள் சொன்னபடியே மூன்று முறை கழுவியது. தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு இரண்டையும் சமையல் தராசில் நிறுத்தேன். ஆறாம் நாள் மறுபடி நிறுத்தேன். சில்லுச் சட்டி 110 கிராம் குறைந்திருக்கிறது, தூள் சட்டி 45 கிராம்தான்.

ஈத்தாமொழிக்காரன்:
இரண்டும் ஒரே ஜன்னலில்தான் இருந்தனவா, அக்கா? படம் போடுங்கள்.