வீட்டில் மூன்று வி.எம். (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஓட்ட எந்தப் பெட்டி?

கேள்வி (ஹட்டன்):
தங்கச்சி ஏ.எல்.லுக்கு ஐ.சி.டி. படிக்கிறாள். ப்ராக்ஸ்மாக்ஸ் (வி.எம். ஓட்டும் மென்பொருள்) போட்டு இரண்டு உபுண்டு, ஒரு விண்டோஸ் ஓட்ட வேண்டும். பழைய ரேக் சர்வர் (நிறுவனங்களில் அடுக்கில் பூட்டும் பெரிய கணினி) ஒன்று மலிவாக வருகிறது, எடுக்கலாமா?

பதில் (பண்டாரவளை):
வேண்டாம் தம்பி. சும்மா இருக்கும்போதே 24 மணி நேரமும் 100 வாட் இழுத்தால் மாதம் 72 அலகு. அலகு கூடக் கூட அதன் விலையும் ஏறும், கரண்ட் பில் தாங்காது. அப்புறம் அந்த விசிறிச் சத்தத்தில் பிள்ளை எப்படிப் படிக்கும்? பாவித்த மினி பிசி பாருங்கள். என்னிடம் இருப்பது ஐ5-8500டி சிப் போட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ. ஆறு கோர், 35 வாட் சிப். மடிக்கணினி ரேம் இரண்டு போடலாம். 16 ஜிபிக்குக் குறையாமல் போடுங்கள், முதலில் போதாமல் போவது ரேம்தான். காசு கொடுக்குமுன் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) விடி-எக்ஸ் (வி.எம். ஓட்ட சிப்பில் வேண்டிய வசதி) இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள்.

பதில் (பதுளை):
சிறிய யுபிஎஸ் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) ஒன்றும் கட்டாயம். ஏப்ரல், ஒக்டோபர் பின்னேர இடியில் கரண்ட் பட்டென்று போகும். இடி இடிக்கும்போது ரவுட்டர் வயரையும் கழற்றிவிடுங்கள்.

ஹட்டன்:
சரி அண்ணே, மினி பிசியே பார்க்கிறேன். எஸ்எஸ்டி 512 ஜிபி போதுமா?

பண்டாரவளை:
தாராளம். பேக்கப்புக்கு மட்டும் தனி ஹார்ட் டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள்.